அரசாணிக்காய் ஏலம்

மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் அந்த நாளில் ஏலம் கூறிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். பெயர் சொல்லிக் கேட்டால் மண்டியிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் ஏலத்தண்ணன். குள்ளமான ஆள். முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய வேட்டியில் எப்போதும் ஊட்டி மண் ஒட்டியிருக்கும். கிழங்கு மூட்டைமேல் ஏறி நின்று வாயைத் திறந்தாரென்றால் ரயில் நிலையத்தில் நிற்பவருக்குக்கூட அன்றைய விலை தெரிந்துவிடும். கீழே இறங்கிவிட்டால் குரல் ரகசியம் சொல்வதுபோல் ஆகிவிடும். "தொண்டை யாவாரத்துக்குங்க, வாய் வீட்டுக்குங்க" என்பார்.

மண்டி வாசலில் நான் டீக்கடை போட்ட முதல் நாள், முதல் டீயை அவருக்குத்தான் கொடுத்தேன். ராசியான கை என்று சொல்லியிருந்தார்கள்.

"மொத டீங்கண்ணா. காசு வேண்டாம்."

கிளாஸை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டார். "உனக்கு வேண்டாம், சரி. எனக்கு வேணுமில்ல தம்பி? சும்மா குடிச்சுப்போட்டு, டீ நல்லால்லைன்னு நான் எப்படிச் சொல்றது?"

காசை வைத்தார். ஊதி ஊதிக் குடித்தார். கிளாஸைக் கழுவுகிற வாளியில் போட்டுவிட்டுச் சொன்னார்: "டீ நல்லால்லை."

அதுதான் அவர். சும்மா கொடுப்பதும் ஆகாது, சும்மா வாங்குவதும் ஆகாது. கல்யாண வீட்டுக்கு அழைத்தால் முதல் நாள் சாயங்காலமே வந்து அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். பெண் வீட்டார் பதறிப்போய், "ஒரம்பரையா விருந்துக்கு வந்துட்டுக் காய் அரியறீங்களே, எந்திரிங்க" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். "நாளைக்கு எலையில உக்கார வேண்டாமுங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கத்திரிக்காயை எடுப்பார். கஞ்சன் என்று சிலர் நினைத்தார்கள். கிறுக்கு என்று என் அம்மா சொன்னாள். எனக்கும் கொஞ்ச நாள் அவரைப் பார்த்தால் எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு மனுசன் இத்தனை கணக்குப் பார்ப்பானா என்று தோன்றும்.

அந்த எரிச்சல் கரைந்தது ஒரு கிழவியால். ஏலம் முடிந்து லாரிகள் கிளம்பிய பிறகு, மூட்டை கிழிந்து சிந்திய கிழங்கைப் பொறுக்க அந்தம்மா ஒரு கூடையோடு வரும். வியாபாரிகள் இரக்கப்பட்டு, "பாவம், எடுத்துட்டுப் போகட்டும் விடுங்கப்பா" என்பார்கள். அந்தம்மா யாரையும் நிமிர்ந்து பார்க்காது. ஒரு நாள் ஏலத்தண்ணன் அந்தக் கூடையை வாங்கி ஒரு மூட்டைமேல் வைத்தார். மண்டிக் குரலை எடுத்தார்.

"பாருங்க, பாருங்க! கை பொறுக்குக் கெழங்கு! ஒண்ணொண்ணாப் பார்த்து எடுத்தது! சொத்தையில்ல, பச்சையில்ல! கேளுங்க சாமி, கேளுங்க!"

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர் கேட்டார், இன்னொருவர் ஏற்றினார். கிழவி கூடைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு விலைக்கும் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. விலை நின்றதும் ஏலத்தண்ணன் அந்தம்மாவிடம் திரும்பி, "குடுத்துரலாமுங்களா, கட்டுமுங்களா?" என்று கேட்டார். சரக்குக்காரரிடம் கேட்பது மண்டியில் முறை. கிழவி தலையை ஆட்டி, "இன்னுங் கொஞ்சம் ஏத்தச் சொல்லுங்க" என்றது! மண்டியே வாய்விட்டுச் சிரித்தது. அன்றிலிருந்து அந்தம்மா தினம் சரக்கு கொண்டுவருகிற ஆள்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இவரைச் சொல்ல முடியாது.

என் தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், அம்மா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். கோயமுத்தூரில்தான் ஆபரேஷன். எருமையும் நகையும் அதில் போயின. இனிக் கஷ்டமில்லை என்று நினைத்திருந்தபோது டாக்டர் ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். புதுச் சிறுநீரகத்தை உடம்பு வெளியே தள்ளிவிடாமல் பிடித்து வைக்கிற மாத்திரை. வெள்ளித்தாளைப் பிரித்தால் ஒரு மாதிரி நாற்றம் அடிக்கும். உயிரோடு இருக்கும்வரை விடக்கூடாது. வெளிநாட்டுச் சரக்கு. அதன் விலையைக் கேட்டதும் நான் மருந்துக்கடைக்காரரிடம், "ஒரு டப்பாவுக்குங்களா, ஒரு வருசத்துக்குங்களா?" என்று கேட்டேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

உதவிக்கு அலைந்தோம். அரசாங்க உதவிக்கு ஏழை என்று சான்று வேண்டும். அப்பா பேரில் மழையைப் பார்த்துக் கிடக்கிற ஒரு துண்டுப் புன்செய்க் காடு இருந்தது; அது இருக்கும்வரை நாங்கள் ஏழை இல்லை. கடைசியில் கோயமுத்தூரில் ஒரு சங்கத்தார் மாத்திரை தருவதாகச் சொன்னார்கள். நல்லவர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேடை போட்டு, மாலை போட்டு, தங்கையை நாற்காலியில் உட்கார வைத்து, அவள் வியாதி முழுவதையும் மைக்கில் சொல்லி, டப்பாவைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பஸ்ஸில் திரும்பினோம். காரமடை தாண்டும்போது சொன்னாள்: "இன்னொருக்கா அந்த மேடையில ஏத்தாதீங்கண்ணா. அதுக்கு நான் அப்படியே போயிர்றேன்."

அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்திருக்கிறாள். டப்பா சீக்கிரம் தீரக்கூடாது என்று ஒரு வேளை விட்டு ஒரு வேளை விழுங்கியிருக்கிறாள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இப்படியே போனா உங்கம்மா குடுத்தது வீணாயிருங்க. இந்தப் பொண்ணும் தங்க மாட்டா" என்றார்.

மறுநாள் கடையில் பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் நான் நின்றேன். ஏலத்தண்ணன் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, "சொல்லு" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். மேடையைச் சொன்னபோது மட்டும் அவர் முகம் சுருங்கியது. அவருக்கு இரக்கம் வந்து சட்டைப்பையில் கைவிடுவார் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்லவில்லை. அவர் விடவில்லை.

"சனிக்கிழமை கடையை நேரத்துல எடுத்து வெச்சுப்போட்டு உள்ளுக்கு வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்துக் கோயில் நோம்பித் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. சாமிக்கு வைத்த எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, பழத்தைத் திரும்பச் சாமியிடமே வைத்துவிடலாம். உடனே அதே பழத்தை மறுபடி ஏலம் விடுவார்கள். ஒரே பழம் சாயங்காலத்துக்குள் பத்துப் பேர் கைக்குப் போய்ப் பத்துத் தடவை திரும்பி வரும். யாரும் யாருக்கும் தர்மம் செய்ததாக ஆகாது. எடுத்தவருக்கு எடுத்த பெருமை.

அந்தச் சனிக்கிழமை கிழங்கு ஏலம் முடிந்ததும் ஏலத்தண்ணன் ஒரு அரசாணிக்காயைத் தூக்கிக்கொண்டு மூட்டைமேல் ஏறினார். மற்ற ஊர்களில் பரங்கிக்காய் என்பார்களே, அதுதான்; வண்டிச் சக்கரம் மாதிரி பெருத்த காய்.

"ஒருத்தருக்கு மாத்திரை வேணுமுங்க. யாருன்னு கேக்காதீங்க. கேட்டா நான் சொல்ல மாட்டேன், சொன்னா நீங்க உச்சுக்கொட்டுவீங்க. உச்சுக்கு மாத்திரை வராது. இது அரசாணிக்காய். எடுத்தவரு வெச்சுட்டுப் போனா அடுத்த வாரமும் விப்பேன். கேளுங்க!"

நான் கூட்டத்தின் ஓரத்தில் தலை குனிந்து நின்றேன். மேலேயிருந்து குரல் வந்தது: "டீக்கடைத் தம்பி! வேடிக்கையா பார்க்கறே? கேளு!"

என் தங்கையின் மாத்திரைக்கு நானே ஏலம் கேட்டேன். என் விலைக்கு மேல் ஒரு மொத்த வியாபாரி ஏற்றினார், அவரை ஒரு லாரி டிரைவர் ஏற்றினார், டிரைவரைச் சுமை தூக்குகிறவர்கள் நாலு பேர் கூட்டுச் சேர்ந்து ஏற்றினார்கள். "மொதலாளி, கிழங்குலதான் உங்களை ஜெயிக்க முடியல, அரசாணிக்காயில ஜெயிச்சுப்போட்டோம்" என்று அவர்கள் கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது. காய் மூட்டைமேலேயே இருந்தது. திரும்பவும் விற்றார். திரும்பவும்.

எல்லோரும் போன பிறகு பணத்தை என் கையில் வைத்தார். கும்பிடப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"இதுக்கு நீ என்ன தர்றே?"

"என்னங்கண்ணா தர்றது?"

"டீயை நல்லாப் போடு."

அன்று முதல் சனிக்கிழமைதோறும் அந்த அரசாணிக்காய் விலை போனது. ஏன் நானும் கேட்க வேண்டும் என்று ஒரு தடவை அவரிடமே கேட்டேன். "எல்லாரும் கேக்கறப்போ நீ மட்டும் கும்புட்டுட்டு நின்னா, அது உன்ற ஊடுதான்னு கண்டுபிடிச்சுருவாங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உன்ற பணமும் அதுல இருக்கோணும். அப்பத்தான் நீ நிமுந்து நடப்பே" என்றும் சொன்னார். தங்கையிடம் நான் மருந்துக் கம்பெனியில் ஏதோ சகாயத் திட்டம் இருக்கிறது, அதில் சேர்த்துவிட்டார்கள் என்று புளுகி வைத்திருந்தேன். அவளும் நம்பி, வேளை தப்பாமல் விழுங்கினாள். ரத்தம் நன்றாக வந்தது.

ஐப்பசி மழை பிடித்த நேரத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது. பாலக்காட்டிலிருந்து ஒரு வியாபாரி புதிதாக எங்கள் மண்டிக்குக் கிழங்கு எடுக்க வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல சிரிப்பு. சனிக்கிழமை ஏலத்தில் சந்தோசமாகச் சேர்ந்துகொண்டார், எல்லோருக்கும் மேலே விலையை ஏற்றி அரசாணிக்காயை எடுத்துவிட்டார். பணத்தைக் கட்டினார். பிறகு காயைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லாரியைப் பார்த்து நடந்தார்!

எடுத்தவர் காயை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது முதல் வாரத்தில் சொன்னதுதான். அப்புறம் யாரும் சொல்ல வேண்டியதாகவே இருக்கவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்? மண்டி முழுவதும் வாயைத் திறந்து பார்த்தது. ஒருவராவது "வெச்சுட்டுப் போங்க" என்று சொல்ல வேண்டுமே. விற்ற சரக்கைத் திருப்பிக் கேட்பதா? அதுவும் வெளியூர்க்காரரிடமா? எங்கள் ஆட்களுக்கு நாக்கு எழவில்லை. நீ சொல்லு, நீ சொல்லு என்று கண்ணால் தள்ளிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு பெரியவர் தைரியமாக முன்னால் போனார். போய், "ஏனுங்க, கனமா இருக்குமே, ஆளை விட்டுத் தூக்கித் தரச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டார். ஆளும் தூக்கித் தந்தான். லாரியில் வைக்கோல் போட்டு, உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் செங்கல் வைத்து அனுப்பினார்கள்.

அந்த வாரமே மலைப்பாதையில் மண் சரிந்தது. ஊட்டி லோடு நின்றுவிட்டது. மண்டியில் ஏலம் இல்லை, வியாபாரம் இல்லை. "காயும் போச்சு, பாதையும் போச்சு. இத்தோட விடுன்னு சாமி சொல்லுது" என்று இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். வீட்டில் டப்பாவின் அடி தெரிந்தது. தங்கை மறுபடி ஒரு வேளையை விடத் தொடங்கிவிடுவாளோ என்று அவள் விழுங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

அப்போது பாலக்காட்டுக்காரர் வந்தார். பாதை திறந்ததா என்று பார்க்க வந்தவர், டீ குடிக்க உட்கார்ந்தார். "நீங்க எடுத்த அரசாணிக்காய்..." என்று நான் இழுத்தேன். விசயம் தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"அய்யோ! அது எரிசேரி ஆகி வயித்துக்குள்ள போச்சே! நிங்க ஒருத்தரும் பறயலையே! ஆளு விட்டுத் தூக்கி வேற தந்தீங்களே!"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஏலத்தண்ணனுக்குப் புரை ஏறிவிட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வியாபாரி பையைத் திறந்து பணத்தை எடுத்தார். ஏலத்தண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"காசை உள்ள வைங்க. வாங்கினவரு எடுத்துட்டுப் போனீங்க, அதுல என்னங்க தப்பு? எரிசேரி நல்லா இருந்துதுங்களா?"

"என் வீட்டுக்காரி வெச்சா ஊரே சாப்பிடும்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. சனிக்கிழமை ஒரு அண்டா வெச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் எனக்கு இன்றும் பசிக்கிறது. மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. மலையேற வழியில்லாமல் மாட்டிக்கொண்ட டிரைவர்கள், கிளீனர்கள், வேலையில்லாத சுமைக்காரர்கள் எல்லோரும் மண்டிக் கூரைக்குக் கீழே குளிரில் ஒடுங்கிக் கிடந்தார்கள். பாலக்காட்டுக்காரரின் வீட்டம்மா அண்டாவோடு தானே வந்திறங்கினார். என் அடுப்பில் சுட வைத்தோம். வறுத்த தேங்காயும் தேங்காயெண்ணெயும் கலந்து வாசனை எழுந்ததும் படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஏலத்தண்ணன் கரண்டியை உயர்த்தினார். "மொதக் கரண்டி! கேளுங்க!" டிரைவர்கள் தட்டைத் தட்டிக்கொண்டு கேட்டார்கள். ரெண்டாம் கரண்டிக்கு அடிதடி நடக்காத குறை. அரசாணிக்காய் ஒரு நாளும் அந்த விலைக்குப் போனதில்லை; அடுத்த டப்பாவுக்குப் பணம் சேர்ந்துவிட்டது.

அடி அண்டாவில் மிஞ்சியதை அந்த அம்மா ஒரு தூக்கில் ஊற்றி என்னிடம் கொடுத்தார். வீட்டுக்குப் போனேன். தங்கை மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"இதேதுங்கண்ணா?"

எனக்குப் பொய் சட்டென்று வராது. வந்ததும் இதுதான்: "கம்பெனிக்காரங்க குடுத்தாங்க."

"மாத்திரைக் கம்பெனியில எரிசேரி குடுக்கறாங்களா?"

அம்மா அடுப்படியில் சிரித்துவிட்டாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அரசாணிக்காயிலிருந்து எரிசேரிவரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. தூக்கை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"என்ற பேரைச் சொன்னாரா?"

"இல்ல."

"என்னன்னு சொன்னாரு?"

"ஒருத்தருக்கு மாத்திரை வேணும்னாரு. அவ்வளவுதான்."

"அவரு என்னைப் பார்த்திருக்கறாரா?"

"பார்க்கோணும்னு ஒரு நாளும் கேக்கலை."

அவள் ஒரு கரண்டி எரிசேரியைத் தட்டில் போட்டுக்கொண்டாள். "அப்பச் சரி" என்றாள். சாப்பிட்டுவிட்டு மாத்திரையைத் தானே எடுத்துப் பிரித்தாள்.

பாதை திறந்தது, லோடு வந்தது, வேறொரு அரசாணிக்காயும் வந்தது. அடுத்த வருசம் டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். அதே மாத்திரையை நம் நாட்டிலேயே செய்ய ஆரம்பித்துவிட்டதாகவும், விலை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதாகவும் மருந்துக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். இந்தத் தடவை நான்தான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். தங்கை வீட்டிலேயே ஜாக்கெட் தைக்க ஆரம்பித்திருந்தாள். தையல் கூலியும் கடை வரும்படியும் சேர்ந்து டப்பாவுக்குப் போதும் என்றானது.

ஏலத்தண்ணனிடம் போய்ச் சொன்னேன். "இனி வேண்டாங்கண்ணா."

"மாத்திரை வேண்டாமா, ஏலம் வேண்டாமா?"

"ஏலமுங்க."

"ஏலம் உன்னோடதா?" என்றார். "வேற ஒரு ஊட்டுல ஊசி போடோணும். ஒவ்வொரு ஊசியும் யானை வெலை. யாருன்னு உனக்கு எதுக்கு? சனிக்கிழமை வந்து கேளு."

இதை வீட்டில் சொன்னபோது தங்கை தையல் மெஷினை நிறுத்தினாள். "நானும் வாரேன்" என்றாள். அந்த மேடைக்குப் பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர அவள் எங்கும் போனதில்லை. கூட்டம் ஆகாது, தூசி ஆகாது என்று அம்மா தடுத்தாள். அவள் மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மண்டியில் ஓரமாக நின்றாள். மருந்தின் வேகத்தில் அவள் முகம் உப்பிக் கன்னம் இரண்டும் பெருத்திருந்தன. அந்த முகத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "எப்படிம்மா இருக்கறே, பாவம்" என்று துக்கம் கேட்பதுபோல் கேட்பார்கள். மெத்தை வைத்த நாற்காலியைக் கொண்டுவந்து போடுவார்கள். அவள் கண்ணாடி பார்ப்பதையே விட்டிருந்தாள்.

ஏலம் ஆரம்பித்தது. ஐந்து என்றார்கள், எட்டு என்றார்கள். தங்கை மூக்கிலிருந்த துண்டைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"பத்து" என்றாள். சத்தமே வரவில்லை.

ஏலத்தண்ணன் மூட்டைமேலிருந்து திரும்பிப் பார்த்தார். அவள் யாரென்று அவருக்குத் தெரியாது. நான் அன்று அவளை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கவில்லை. அவர் கண்ணுக்கு எதிரே ஒரு புது ஆள் நின்றது, அவ்வளவுதான். மண்டிக் குரலை முழுசாக அவள்மேல் எடுத்தார்.

"என்னங்க அம்மணி! கன்னம் ரெண்டும் கொழுகொழுன்னு ஆளு நல்லாத்தான் இருக்கறீங்க! கொரலு மட்டும் கோழிக்குஞ்சாட்டம் இருக்குதே! பத்துங்களா? இந்த ஒடம்புக்குப் பத்துங்களா? சத்தமாக் கேளுங்க!"

மண்டி சிரித்தது. நான் பதறிப்போய் அவளைப் பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, பல்லெல்லாம் தெரிய, ஆபரேஷனுக்கு முந்தி சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

"பதினஞ்சு!" என்று கத்தினாள். கடைசி வரிசையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, "இருவது" என்று நான் அவளை ஏற்றினேன். அவள் திரும்பி என்னை முறைத்தாள்.

"முப்பது!"

ஏலத்தண்ணன் ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூற அவசரப்படவில்லை. வேட்டியை ஒரு சுற்று ஏற்றிக் கட்டிக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தபடி வசதியாக நின்றார்.